வாகனங்களின் ரப்பர் சீல்களைப் பாதுகாத்தல்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முதுமொழி. முற்காலத்துத் தேருக்கு அச்சாணி எவ்வாறோ, இக்காலத்து வாகனங்களுக்கு ரப்பர் சீல்கள் அவ்வாறேயாகும். டிராக்டர், பவர் டில்லர், டிரெய்லர், சரக்கு வேன், அறுவடை இயந்திரம் முதலிய யாவும் இரும்பினால் ஆனவை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், அவ்விரும்பினுள் எண்ணெயைத் தங்கச் செய்வதும், தூசியையும் நீரையும் புகவிடாமல் தடுப்பதும், மிதிக்கும் பிரேக்கின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வதும் விரலளவான ரப்பர் வளையங்களே. அவை கெட்டால் இயந்திரம் முழுவதும் பயனற்றுப் போகும்.

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடைபெறுகிறது. முற்றிய கதிர் வயலில் நிற்கையில் அறுவடை இயந்திரத்தின் ஹைட்ராலிக் சிலிண்டரிலுள்ள சீல் கிழிந்துவிட்டதாக வைத்துக் கொள்ளலாம். எண்ணெய் கசிந்து, கதிர் வெட்டும் பாகத்தை உயர்த்த இயலாமற் போகிறது. உடைமையாளர் முன்யோசனையுள்ளவர், மாற்றுச் சீல் ஒன்றை முன்னரே வாங்கி வைத்திருக்கிறார். கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கும் அதனை எடுத்துப் பார்த்தால், ஒரு நாளும் வேலை செய்யாத அந்தச் சீலில் மயிரிழை போன்ற வெடிப்புகள் காணப்படுகின்றன. பணம் கொடுத்து வாங்கிய பொருள் இருந்தும் இல்லாததாயிற்று. நகரத்திற்கு ஆள் அனுப்பி வேறு சீல் வருவதற்குள் மழை வந்துவிட்டால், கதிர் சாய்ந்து நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

ரப்பர் உழைப்பினால் மட்டும் தேய்வதில்லை. சும்மா இருக்கும்போதும் கெடுகிறது. இவ்வுண்மையை அறிந்து, அதற்குத் தக்கவாறு பாதுகாக்கும் முறையைக் கைக்கொள்ளுதல் வாகனமுடைய ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

சீல்களின் வகைகள்

கிராமத்து வாகனங்களில் சாதாரணமாகக் காணப்படும் ரப்பர் சீல்கள் நான்கு வகைப்படும். சுழலும் தண்டைச் சுற்றி அமைந்து எண்ணெய் வெளியேறாமல் தடுப்பது ஆயில் சீல். இதன் உட்புறத்தில் மெல்லிய உதடும், அவ்வுதட்டைத் தண்டின்மேல் அழுத்தும் சிறு ஸ்பிரிங்கும் உண்டு. குழாய் மூட்டுகளிலும் ஹைட்ராலிக் பாகங்களிலும் அமைவது ஓரிங் எனப்படும் உருண்டை வளையம். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டரிலும் இருப்பது கிண்ணம் போன்ற வடிவமுடைய பிரேக் கப். கதவு, கண்ணாடி ஆகியவற்றின் ஓரங்களில் ஓடும் நீண்ட ரப்பர் பட்டையைப் பட்டறைகளில் பீடிங் என்று அழைப்பர்.

இந்நான்கில் பீடிங் கெட்டால் மழைநீர் உட்புகுந்து தகடு துருப்பிடிக்கும். ஆயில் சீல் கெட்டால் எண்ணெய் வடிந்து பல் சக்கரங்கள் தேயும். பிரேக் கப் கெட்டாலோ மனித உயிருக்கே ஆபத்து விளையும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனுக்கும், கரும்பு ஏற்றி மேட்டிலிருந்து இறங்கும் வண்டிக்கும் பிரேக் கப்பைவிட முக்கியமான ரப்பர் வேறில்லை.

ரப்பர் கெடும் காரணங்கள்

இயற்கை ரப்பர் என்பது மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சரிவுகளில் இம்மரங்கள் பயிராவதைக் காணலாம். பாலை உறையச் செய்து எடுக்கும் பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் மீள்சக்தியும் உண்டாகும் என்பதை 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சிட்டுப் பிணைப்பதே இதற்குக் காரணம். வலையின் கயிறுகள் முடிச்சுகளால் ஒன்றுபட்டிருப்பது போன்றது இவ்வமைப்பு. இழைகள் அறுந்தால் ரப்பர் பிசுபிசுப்பாகும்; முடிச்சுகள் அளவுக்கு மீறிப் பெருகினால் விறைத்து உடையும். இவ்விரண்டில் ஒன்றை விளைவிக்கும் பகைகள் பின்வருவன.

முதலாவது, காற்றிலுள்ள பிராணவாயு. இது மெதுவாக ரப்பரின் இழைகளைத் தாக்குகிறது. உஷ்ணம் மிகுந்தால் இத்தாக்குதலும் விரைவுபடும். உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேட் ஏறினால் இரசாயன மாறுதலின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவிதி. ஆகவே 25 டிகிரியுள்ள அறையில் கெடுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கே 45 டிகிரிக்குச் சுடும் தகரக் கொட்டகையில் போதுமானதாகும்.

இரண்டாவது, ஓசோன் என்னும் வாயு. காற்றில் மிக அற்பமான அளவே இருப்பினும், இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரை இது வெகு விரைவில் வெடிக்கச் செய்கிறது. வெடிப்புகள் இழுவிசைக்குக் குறுக்காகத் தோன்றும். ஆணியில் தொங்கிய வளையத்தின் மேல் வளைவிலேயே முதலில் வெடிப்பு உண்டாவதன் காரணம் இதுவே. வெல்டிங் வேலை நடக்குமிடத்திலும், பொறி பறக்கும் மின்சார மோட்டார்களின் அருகிலும் ஓசோன் மிகுதியாக உண்டாகிறது.

மூன்றாவது, சூரிய வெளிச்சம். அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் ரப்பரின் மேற்பரப்பைச் சிதைக்கின்றன.

நான்காவது, தாமிரம், மாங்கனீஸ் முதலிய உலோகங்கள். இவை, சிறப்பாக இயற்கை ரப்பரில், பிராணவாயுவின் வேலையைத் துரிதப்படுத்துகின்றன. எனவே சீல்களைத் தாமிரக் கம்பியில் கோத்து வைப்பதும், தாமிரம் கலந்த பித்தளைப் பாத்திரத்தில் போட்டு வைப்பதும் தவறு. பயிருக்குத் தெளிக்கும் மயில்துத்தமும் தாமிரம் அடங்கியதே. அதனை வைக்கும் அறையில் ரப்பரை வைத்தலாகாது.

ஐந்தாவது, பொருந்தாத எண்ணெய்கள். டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் ஆகியவை இயற்கை ரப்பரை ஊதிப் பருக்கச் செய்து அதன் உறுதியைக் கெடுக்கின்றன. இவற்றின் ஆவியும் தீங்கு செய்யும்.

ரப்பரின் இனங்களும் ஆயுளும்

இக்காலத்தில் சீல்கள் யாவும் மரத்துப் பாலிலிருந்து செய்யப்படுவன அல்ல. 1930-க்குப் பின் பல செயற்கை ரப்பர்கள் தோன்றியுள்ளன. என்ஜின் ஆயிலைத் தாங்க வல்லது நைட்ரைல் ரப்பர். ஆதலால் ஆயில் சீல்களும் ஹைட்ராலிக் ஓரிங்குகளும் பெரும்பாலும் இதனால் செய்யப்படுகின்றன. வெயிலையும் ஓசோனையும் தாங்க வல்லது ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர்; கதவுப் பீடிங்குகளுக்கும், பல வாகனங்களின் பிரேக் கப்புகளுக்கும் இதுவே உபயோகிக்கப்படுகிறது. ஆனால் நைட்ரைல் ஓசோனுக்குத் தாங்காது, ஈ.பி.டி.எம். என்ஜின் ஆயிலுக்குத் தாங்காது. ஒன்றின் பலம் மற்றொன்றின் பலவீனமாயிருப்பதை மனதிற் கொள்ளல் வேண்டும்.

எல்லாம் கறுப்பாகவே இருப்பதால் கண்ணால் பார்த்து இனம் பிரித்தல் அரிது. ஆகையால் தயாரிப்பாளர் இட்ட உறையையும் அதன்மேலுள்ள எண்ணையும் தேதியையும் எறிந்துவிடாமல், சீலைப் பொருத்தும் நாள் வரையில் அதனுடனேயே வைத்திருத்தல் அவசியம்.

சேமிப்பில் ரப்பர் எத்தனை காலம் இருக்கலாம் என்பதைப் பற்றிச் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட 2230 எண்ணுள்ள விதிமுறை தெளிவான அளவுகளைக் கூறுகிறது. இயற்கை ரப்பர், ஸ்டைரீன் பியூட்டடையீன் ரப்பர், பாலியூரிதேன் ஆகியவற்றுக்கு 5 ஆண்டுகள். அதன்பின் பரிசோதித்து நன்றாயிருந்தால் மேலும் 2 ஆண்டுகள். நைட்ரைல், நியோப்ரீன், பியூட்டைல் ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள். பரிசோதனைக்குப் பின் மேலும் 3 ஆண்டுகள். ஈ.பி.டி.எம்., சிலிக்கோன், புளோரோ ரப்பர் ஆகியவற்றுக்கு 10 ஆண்டுகள். பரிசோதனைக்குப் பின் மேலும் 5 ஆண்டுகள். இவ்வளவுகள் 25 டிகிரிக்குக் குறைந்த உஷ்ணமும், 70 சதவிகிதத்திற்குக் குறைந்த ஈரப்பதமும், இருளும் உள்ள இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்ட பொருள்களுக்கே பொருந்தும். தமிழ்நாட்டுச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணம் 40 டிகிரியையும் எட்டுவதால், இக்காலவரையை முழுவதுமாக நம்பியிருத்தல் கூடாது. அறை எவ்வளவு சுடுமோ அவ்வளவு காலம் குறையும்.

சேமித்து வைக்கும் முறை

இதற்கெனத் தனிக் கட்டிடமோ குளிர்சாதனமோ வேண்டுவதில்லை. வீட்டிலேயே குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தல் போதும். தகரக் கூரைக் கொட்டகையைவிட ஓட்டு வீட்டின் உள்ளறை சிறந்தது. அதிலும் வெயில் படாத வடபுறச் சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு மிகவும் சிறந்தது. பின்வரும் விதிகளை வரிசையாகக் கைக்கொள்ளுதல் நலம்.

1. சீலை அதன் சொந்த உறையிலேயே வைத்தல் வேண்டும். உறை கிழிந்திருந்தால் சுத்தமான பாலிதீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி வாயைக் கட்டுதல் வேண்டும். மிருதுவான பி.வி.சி. பைகள் உதவா, அவற்றை மிருதுவாக்கச் சேர்த்துள்ள எண்ணெய்ப்பசை ரப்பரினுள் ஊறிவிடும்.

2. பைகளை மூடியுள்ள தகர டப்பாவிலோ மரப்பெட்டியிலோ வைத்தல் வேண்டும். வெளிச்சமும் காற்றோட்டமும் தடைபடுவதோடு, எலியும் கரப்பானும் அணுகா.

3. வெவ்வேறு இன ரப்பர்களை ஒன்றையொன்று தொடும்படி ஒரே பையில் போடலாகாது. ஒன்றிலுள்ள சத்து மற்றொன்றிற்குச் சென்று இரண்டும் கெடும்.

4. சீல்களை இழுக்காமலும், மடிக்காமலும், நசுக்காமலும் அவற்றின் இயற்கை வடிவிலேயே கிடத்தி வைத்தல் வேண்டும். ஆணியில் மாட்டுதல், கயிற்றில் கோத்தல், பெரிய வளையத்தை முறுக்கிச் சிறு பெட்டியில் திணித்தல் ஆகியவை கூடா. ஆயில் சீலைத் தரையில் படுக்கவைப்பது போலத் தட்டையாக வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றாதிருத்தல் வேண்டும்.

5. நீண்ட பீடிங் பட்டையை அகன்ற சுருளாகத் தளர்வாகச் சுற்றி வைத்தல் வேண்டும். சுருள்கள் ஒட்டாதிருக்க வாசனை சேர்க்காத டால்க் மாவைச் சிறிது தூவலாம்.

6. பாட்டரி, டீசல் பீப்பாய், பூச்சிமருந்து, உரமூட்டை, அமிலம், வெல்டிங் இயந்திரம் ஆகியவை இருக்குமிடத்தில் ரப்பரை வைத்தலாகாது.

7. அறையில் ஜன்னல் இருந்து அதை மூட இயலாவிடில், சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத் திரையிடுதல் பயன்தரும். தீங்கான கதிர்களை அந்நிறங்கள் தடுத்துவிடும்.

8. ஒவ்வொரு பையிலும் பாகத்தின் பெயர், வாகனத்தின் பெயர், தயாரித்த மாதமும் ஆண்டும், வாங்கிய தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி இணைத்தல் வேண்டும். முதலில் தயாரானதை முதலில் எடுத்து உபயோகித்தல் விதி. வாங்கும்போதே தயாரித்த தேதியைக் கேட்டறிதலும் நன்று. கடையிலேயே பல ஆண்டுகள் கிடந்த சரக்கு மலிவாகக் கிடைப்பினும் அது லாபமன்று.

வாகனத்தில் உள்ள சீல்களைப் பேணுதல்

சேமித்த சீல்களைப் போலவே வாகனத்தில் பொருத்தியுள்ள சீல்களுக்கும் பராமரிப்பு வேண்டும். உழவு முடிந்தபின் டிராக்டர் பல மாதங்கள் சும்மா நிற்பதுண்டு. அக்காலத்தில் ஆயில் சீலின் உதடு உலர்ந்து தண்டுடன் ஒட்டிக்கொள்கிறது; மீண்டும் ஓட்டும்போது கிழிந்துவிடுகிறது. மாதத்திற்கொரு முறையேனும் என்ஜினை ஓட்டி, வண்டியைச் சிறிது தூரம் நகர்த்தி, ஹைட்ராலிக் தூக்கியை ஏற்றி இறக்கினால், எண்ணெய் உதட்டில் படிந்து ரப்பர் பதமாயிருக்கும். இயன்றவரை வாகனத்தை நிழலில் நிறுத்துதல் வேண்டும்.

கதவுப் பீடிங்குகளைச் சாதாரணச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து நிழலில் உலரவிட்டு, சிலிக்கோன் பசையை மெல்லியதாகத் தடவுதல் தகுந்த முறை. பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ, டீசலோ, கிரீஸோ பூசுவது கிராமங்களில் பெருவழக்கமாயிருக்கிறது. அன்று பளபளக்கும் ரப்பர் சில மாதங்களில் ஊதிப் பிசுபிசுத்துத் தன் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும்.

பிரேக் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். பிரேக் பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்கையில் டீசலாலோ பெட்ரோலாலோ கழுவுதல் பெருந்தவறு. சிறிதளவு ஒட்டியிருந்தாலும் அது கப்பை ஊதச் செய்து, பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளவோ அடியோடு பிடிக்காமற் போகவோ காரணமாகும். வாகனத்துக்குக் குறிக்கப்பட்ட பிரேக் திரவத்தையே கழுவவும் பொருத்தவும் உபயோகித்தல் வேண்டும். திரவம் குறைந்துவிட்டதென்று என்ஜின் ஆயிலை ஊற்றினால் அமைப்பிலுள்ள எல்லா ரப்பர்களும் கெட்டுவிடும்; பின்னர் அவை யாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும். முற்காலத்துப் பிரேக் திரவத்தில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருந்தது உண்மையே. ஆயினும் இக்காலத்துத் திரவம் வேறு வகையானது. அதனுடன் ஆமணக்கெண்ணெயைக் கலத்தல் கூடாது. சாதாரணப் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாகையால், தயாரிப்பாளர் குறித்த காலத்தில், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதனை மாற்றிவிடுதல் அவசியம்.

பொருத்துமுன் செய்யும் பரிசோதனை

சேமித்த சீல் எதுவாயினும் பொருத்துமுன் நல்ல வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். விரலால் இலேசாக வளைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் வெடிப்புகள் புலப்படும். நகத்தால் மெல்ல அழுத்திவிட்டால் பள்ளம் உடனே மறைதல் வேண்டும். மறையாவிடில் ரப்பர் உயிரற்றதென அறியலாம். பிசுபிசுப்பு, விறைப்பு, நிரந்தரமான தட்டை வடிவம், உதட்டில் வெட்டு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அதைத் தள்ளிவிடுதல் வேண்டும். பிரேக் கப்பைப் பொறுத்தவரையில் சந்தேகம் எழுந்தாலே போதும், அதை உபயோகிக்கலாகாது. கழற்றிய பழைய கப்பை மீண்டும் பொருத்துவதும் அவ்வாறே விலக்கத்தக்கது.

பொருத்தும் வேலையிலும் சேதம் நேர்வதுண்டு. தண்டிலுள்ள துருவையும் கூர்மையான விளிம்பையும் நீக்கி, உதட்டுக்குப் பொருந்திய எண்ணெயைத் தடவி, திருப்புளியால் நெம்பாமல் நேராக அழுத்திச் செலுத்துதல் வேண்டும். ஐந்தாண்டு பத்திரமாயிருந்த சீலை ஐந்து நிமிஷத்தில் கிழித்துவிடுவது எளிது.

கூட்டாகச் சேமித்தல்

ஒவ்வொரு விவசாயியும் எல்லாச் சீல்களையும் வாங்கி வைத்தல் சிக்கனமன்று. ஒரே வகை டிராக்டருள்ள சிலர் சேர்ந்தோ, கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவோ, அடிக்கடி வேண்டிய சீல்களை மட்டும் ஒரு பெட்டியில் வைத்துப் பராமரிக்கலாம். பொறுப்புள்ள ஒருவரிடம் பெட்டியையும், வரவு செலவு எழுதும் நோட்டுப் புத்தகத்தையும் ஒப்படைத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, அறுவடைக் காலம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாக, பெட்டியைத் திறந்து தேதிகளைப் பார்த்து, காலம் கடந்தவற்றை நீக்கிப் புதியவை வாங்கி வைத்தால், வேலை நடக்கும்போது நகரத்திற்கு ஓடவேண்டிய அவசியமிராது. பல பேர் உபயோகிப்பதால் சீல்கள் பழையதாகிக் கிடப்பதும் குறையும்.

விதை நெல்லை ஈரமும் வெயிலும் படாமல், எலி தீண்டாமல் பாதுகாப்பது தமிழ் விவசாயிகளுக்குப் புதிதன்று. விதையினுள் உயிர் இருப்பதை அறிந்தே அவ்வாறு காக்கின்றனர். ரப்பருக்கும் ஓர் ஆயுள் உண்டு. இருள், குளிர்ச்சி, சுத்தம், தளர்வு ஆகிய நான்கும் அதனை நீடிக்கச் செய்யும். இவற்றுக்குப் பணச்செலவு சொற்பமே, கவனமே பெரிது. வீட்டிலுள்ள சீல்கள் எங்கே, எந்நிலையில் இருக்கின்றன என்று இன்றே பார்த்து, ஆணியில் தொங்குபவற்றை இறக்கிப் பரிசோதித்து, நல்லவற்றைப் பையிலிட்டுத் தேதியெழுதி வைப்பவர், அறுவடை நாளில் அதன் பயனைக் காண்பார்.